பதில் வராத கோரிக்கை: எச்டிடிபி மெத்தட்களின் உண்மையான வேலை

சில ஆண்டுகளுக்கு முன், ஜவுளி மொத்த வியாபாரி ஒருவருக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த ஆர்டர் செயலியில் ஒரு சிக்கல் எழுந்தது. ஊர் ஊராகச் சென்று கடைகளில் ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர், பேருந்தில் உட்கார்ந்தபடியே 40 கட்டு வேட்டிக்கான ஆர்டரை அனுப்பினார். மலைப்பாதையில் பேருந்து ஒரு வளைவு திரும்பியதும் டவர் போய்விட்டது. செயலி 10 நொடி காத்திருந்து, பதில் வராததால் அதே கோரிக்கையை மறுபடியும் அனுப்பியது. அதற்கும் பதில் வராததால் மூன்றாவது முறையும் அனுப்பியது. மறுநாள் காலை குடோனில் 3 பில் அச்சாகி, 120 கட்டு வேட்டி லாரியில் ஏறத் தயாராக இருந்தது. வந்த கோரிக்கைகள் வரிவரியாகப் பதிவாகும் சர்வரின் லாக்கைத் திறந்து பார்த்தோம். அடுத்தடுத்து மூன்று வரிகள், மூன்றிலும் போஸ்ட் என்ற சொல், மூன்றின் முடிவிலும் ‘201’, அதாவது ‘புதிதாக உருவாக்கப்பட்டது’. சர்வர் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்திருந்தது.

அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கோரிக்கையே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது அது போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இவை இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதாக இருந்தால் மறுபடி அனுப்பியே ஆக வேண்டும். இரண்டாவதாக இருந்தால் மறுபடி அனுப்பவே கூடாது. எது நடந்தது என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டிய இந்த நெருக்கடிக்கு, பிரவுசரும் செயலிகளும் சர்வரோடு பேசப் பயன்படும் எச்டிடிபி நெறிமுறை ஒவ்வொரு கோரிக்கையின் முதல் சொல்லிலேயே ஒரு வழி வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் மெத்தட் என்கிறோம்.

ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாசலான ஏபிஐயின் வடிவமைப்பைக் கற்றுக்கொடுக்கும் பெரும்பாலான பாடங்கள் மெத்தட்களை ஒரு நான்கு வரி அட்டவணையாகவே அறிமுகப்படுத்துகின்றன. கெட் என்றால் படிப்பது, போஸ்ட் என்றால் உருவாக்குவது, புட் என்றால் மாற்றுவது, டெலீட் என்றால் அழிப்பது. தரவுத்தளத்தின் நான்கு செயல்களோடு இவற்றை ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிட்டால் நினைவில் வைக்க எளிது என்பது உண்மைதான். ஆனால் இந்த அட்டவணை, மெத்தட் என்பது சர்வருக்கு மட்டும் சொல்லப்படும் கட்டளை என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. சர்வருக்கு மட்டும் சொல்வதானால், வேண்டிய செயலின் பெயரைக் கோரிக்கையின் உள்ளே எங்கு எழுதினாலும் போதும். அதற்கென்று நெறிமுறையில் தனி இடம் ஒதுக்க வேண்டியதில்லை. கோரிக்கை போகும் வழியில் பிரவுசர், இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் ப்ராக்ஸி, பழைய பதில்களைச் சேமித்துத் தரும் கேஷ், சுமை பகிரும் சர்வர், தானாக மறுமுயற்சி செய்யும் நிரல் நூலகம் என்று பல கைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஆர்டரோ பணமோ இவற்றில் எதற்கும் புரியாது, புரியத் தேவையுமில்லை. உறையின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தே அவை முடிவெடுக்கின்றன. அந்த இடைப்பட்டவர்களுக்கு நாம் தரும் வாக்குறுதிதான் மெத்தட் என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சொல்தொகுதி ஒரே நாளில் உருவானதல்ல. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் விவரித்த முதல் வடிவத்தில் ஒரே ஒரு மெத்தட்தான் இருந்தது: கெட். கோரிக்கை என்பதே ஒற்றை வரிதான். கெட் என்று எழுதி, ஓர் இடம் விட்டு, ஆவணத்தின் முகவரியை எழுதினால் போதும். கூடுதல் விவரம் சொல்லும் ஹெட்டர் இல்லை, 201 போன்ற நிலைக் குறியீடு இல்லை, சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். படிப்பதற்கு மட்டுமே இருந்த வலைக்கு அது போதுமானதாக இருந்தது. படிவங்களை நிரப்பி அனுப்பும் தேவை வந்தபின், 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் கெட், ஹெட், போஸ்ட் என மூன்று மெத்தட்கள் முறையாக வரையறுக்கப்பட்டன. புட், டெலீட் ஆகியவை பின்னிணைப்பில் இடம்பெற்றன. 1997-இன் 1.1 பதிப்பு அவற்றை மைய நீரோட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் 1999, 2014 ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டு, இப்போது நடைமுறையில் இருப்பது 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற நெறிமுறை ஆவணம். கால் நூற்றாண்டில் நெறிமுறை கம்பியில் பயணிக்கும் விதம் அடியோடு மாறிவிட்டது. முதலில் எழுத்து வரிகளாகப் போனது, பின்னர் இரும வடிவம் எடுத்தது, மூன்றாம் பதிப்பில் தரவைச் சுமந்துவந்த டிசிபி என்ற அடித்தள நெறிமுறையையே விட்டு யூடிபி என்ற வேறொன்றின் மீது ஏறிக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் கெட் என்பதன் பொருள் மாறவில்லை.

ஆர்எஃப்சி 9110 மெத்தட்களை முதன்மையாக இரண்டு பண்புகளால் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, பாதுகாப்பானது என்ற பண்பு. இங்கே பாதுகாப்பு என்பதற்கும் ஹேக்கர்களுக்கும் தொடர்பில்லை. இந்தக் கோரிக்கையை அனுப்புவதால் சர்வரில் எதையும் மாற்றும்படி நான் கேட்கவில்லை என்பதே அதன் பொருள். கெட், ஹெட், ஆப்ஷன்ஸ், ட்ரேஸ் ஆகிய நான்கும் இவ்வகை. கெட் கோரிக்கை வந்ததும் சர்வர் தன் லாக்கில் ஒரு வரி எழுதலாம், பார்வையாளர் எண்ணிக்கையை ஒன்று கூட்டலாம். அவை சர்வரின் சொந்த விருப்பத்தில் நடப்பவை, அவற்றுக்குக் கேட்டவர் பொறுப்பாளி அல்ல. கேட்டவர் பொறுப்பேற்க வேண்டிய மாற்றம் எதுவும் அதில் இல்லை என்பதுதான் வாக்குறுதி.

இந்த வாக்குறுதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 2005 மே மாதம் பலர் நேரில் கண்டார்கள். கூகுள் அப்போது வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள இணைப்புகளை முன்கூட்டியே எடுத்து வைத்து, சொடுக்கியவுடன் சட்டென்று காட்டுவது அதன் நோக்கம். இணைப்பு என்றால் கெட், கெட் என்றால் எதுவும் மாறாது, ஆகவே தாராளமாக முன்கூட்டி எடுக்கலாம் என்று நெறிமுறையை நம்பி அது செயல்பட்டது. ஆனால் அந்நாளைய இணையச் செயலிகள் பலவற்றில் ‘அழி’ என்பதும் சாதாரண இணைப்பாகவே இருந்தது. பயனர் உள்நுழைந்து தன் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னணியில் ஆக்சிலரேட்டர் ஒவ்வொரு ‘அழி’ இணைப்பையும் அமைதியாகத் தொட்டுக்கொண்டே போனது. பதிவுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. குற்றம் யாருடையது என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. விவரம் அறியாத பயனரைப் பாதிக்கும் கருவியை அவசரமாக வெளியிட்டது தவறு என்பதை ஏற்கலாம். ஆனால் அழிக்கும் செயலை கெட் மீது கட்டியவர்களின் பொறுப்பு அதைவிடப் பெரியது என்றே நான் நினைக்கிறேன்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. மின்னஞ்சலின் அடியில் ‘இந்தப் பட்டியலிலிருந்து விலக’ என்று ஓர் இணைப்பு இருக்கும். வைரஸ் சோதிக்கும் மென்பொருள்கள், அஞ்சல் பயனரைச் சென்றடையும் முன்பே அதிலுள்ள இணைப்புகளைத் திறந்து பார்க்கின்றன. தொட்டவுடன் விலக்கிவிடும் இணைப்பாக அது இருந்தால், அஞ்சலைப் படிக்காத ஒருவர் தனக்குத் தெரியாமலே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிடுவார். இதைத் தடுப்பதற்காகவே, 2017 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8058, ஒரே சொடுக்கில் விலகும் வசதிக்கு போஸ்ட் கோரிக்கையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வகுத்தது. 2024 முதல் ஜிமெயிலும் யாஹூவும் பெருமளவில் விளம்பர அஞ்சல் அனுப்புவோரிடம் இந்த ஒரு சொடுக்கு வசதியைக் கட்டாயமாகக் கேட்கின்றன. கணக்கை உறுதிப்படுத்தும் இணைப்பு, விடுமுறை விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தரும் இணைப்பு என்று மின்னஞ்சலில் நாம் வைக்கும் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். அந்தப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் போஸ்ட் அனுப்பட்டும்.

இரண்டாவது பண்புக்கு ஐடெம்பொட்டன்ட் என்று பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் 1870-இல் இயற்கணிதத்துக்காக உருவாக்கிய சொல் இது. தன்னைத் தானே பெருக்கினாலும் அதுவாகவே இருக்கும் உறுப்பை அவர் அப்படி அழைத்தார். நம் துறையில், ஒரு கோரிக்கையை ஒருமுறை அனுப்புவதால் ஏற்படும் விளைவும் பலமுறை அனுப்புவதால் ஏற்படும் விளைவும் ஒன்றேயானால் அது ஐடெம்பொட்டன்ட். வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘3-இல் வை’ என்று பத்துப் பேர் பத்து முறை சொன்னாலும் விசிறி 3-இல்தான் சுற்றும். ‘ஒரு படி கூட்டு’ என்று பத்து முறை சொன்னால் நிலைமை வேறு. புட், டெலீட் ஆகியவை முதல் வகை வாக்கியங்கள். பாதுகாப்பான நான்கு மெத்தட்களும் இயல்பாகவே இதில் அடங்கும். போஸ்ட் இந்த வாக்குறுதியைத் தருவதில்லை.

டெலீட் விஷயத்தில் அடிக்கடி ஒரு குழப்பம் எழுகிறது. முதல் முறை அழித்தபோது ‘முடிந்தது’ என்ற 204 வந்தது, இரண்டாம் முறை ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற 404 வந்தது, பதில் மாறிவிட்டதே, அப்படியானால் இது எப்படி ஐடெம்பொட்டன்ட் ஆகும் என்று நேர்முகத் தேர்வுகளில்கூடக் கேட்கிறார்கள். பண்பு பேசுவது சர்வரில் ஏற்படும் விளைவைப் பற்றி. திரும்பி வரும் பதிலைப் பற்றி அல்ல. ஒருமுறை அழித்தாலும் இருமுறை அழித்தாலும் முடிவில் அந்தப் பொருள் இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

இந்தப் பண்பை நம்பி வழியில் உள்ளவர்கள் எவ்வளவு செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி, பின்னால் இருக்கும் சர்வர்களில் ஒன்று பாதியில் விழுந்துவிட்டால், அதே கோரிக்கையை அடுத்த சர்வருக்கு அனுப்பி வேலையை முடிக்கப் பார்க்கும். ஆனால் 1.9.13 பதிப்பு முதல், போஸ்ட், பதிவின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் பேட்ச் போன்ற கோரிக்கைகள் ஒருமுறை பின்னால் அனுப்பப்பட்டுவிட்டால், நாமாக அனுமதி கொடுத்தாலொழிய அவற்றை அடுத்த சர்வருக்கு அது தள்ளாது. இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பில், பழைய அறிமுகத்தை வைத்துக் கைகுலுக்கல் முடியும் முன்பே கோரிக்கையை அனுப்பும் வசதி உண்டு. அப்படிப் போகும் தரவை இடையில் இருப்பவர் பதிவுசெய்து மீண்டும் அனுப்பிவிட முடியும் என்பதால், பாதுகாப்பற்ற மெத்தட்களை அவ்வழியில் கிளையன்ட், அதாவது கோரிக்கை அனுப்பும் மென்பொருள், தானாக அனுப்பக் கூடாது என்று 2018-இன் ஆர்எஃப்சி 8470 தடுக்கிறது. பிரவுசரில் படிவம் அனுப்பிய பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால், மீண்டும் அனுப்பவா என்று அது கேட்பதும் போஸ்ட் என்ற சொல்லைப் பார்த்துத்தான். பணம் செலுத்தும் பக்கங்களில் ‘தயவுசெய்து ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பேக் பொத்தானை அழுத்தாதீர்கள்’ என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதற்றத்தோடு பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் தலையில், வடிவமைப்பு சுமக்க வேண்டிய பொறுப்பை அந்த வாசகம் ஏற்றிவைக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே வருகிறது, ஏனென்றால் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு இருக்கிறது.

தீர்வின் முதல் பாதை, போஸ்ட்டுக்கும் புட்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டில் தொடங்குகிறது. உருவாக்குவது, மாற்றுவது என்று அவற்றைப் பிரிப்பது தவறு. புட்டாலும் புதிதாக உருவாக்கலாம். பெயர் வைப்பது யார் என்பதுதான் வேறுபாடு. ‘போஸ்ட் /ஆர்டர்கள்’ என்று அனுப்பினால், இதை எடுத்துக்கொண்டு நீயே ஓர் எண் கொடு என்கிறோம். சர்வர் 4172 என்று எண் கொடுத்து, லொகேஷன் ஹெட்டரில் அதன் முகவரியைத் திருப்பி அனுப்புகிறது. ‘புட் /ஆர்டர்கள்/4172’ என்றால், இந்த முகவரியில் நான் தரும் இதுவே இருக்கட்டும் என்கிறோம். கோரிக்கை அனுப்புபவரே பெயரை வைத்துவிட்டால் மறுமுறை அனுப்புவதில் ஆபத்தில்லை, ஏனென்றால் இரண்டாம் கோரிக்கையும் அதே முகவரியைத்தான் தொடும். மொபைல் செயலி தானே எண் வைத்தால் இன்னொருவர் எண்ணோடு மோதாதா என்ற கேள்விக்கு யூயூஐடி பதில் தருகிறது. 128 பிட் நீளமுள்ள அந்த அடையாளத்தின் நான்காம் வகையில் 122 பிட்கள் தற்செயலானவை. இரண்டு தொலைபேசிகள் தற்செயலாக ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை நடைமுறையில் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பாதை, போஸ்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் கிளையன்ட் ஓர் அடையாளச் சாவியை உருவாக்கி, மறுமுயற்சிகளிலும் அதே சாவியை ஹெட்டரில் சேர்த்து அனுப்புவது. ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிமாற்ற நிறுவனங்கள் ஐடெம்பொட்டன்சி-கீ என்ற பெயரில் இதைப் பரவலாக்கின. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பிலும் இதைத் தரப்படுத்தும் வரைவு ஒன்று இருக்கிறது. சர்வர் முதல்முறை அந்தச் சாவியைப் பார்த்ததும் வேலையைச் செய்து, பதிலைச் சாவியோடு சேர்த்துச் சேமிக்கிறது; மறுபடி அதே சாவி வந்தால் வேலையைச் செய்யாமல் சேமித்த பதிலையே தருகிறது. கேட்க எளிதாக இருந்தாலும் செய்யும்போது மூன்று இடங்களில் கால் இடறும். சாவியைப் பதிவதும் ஆர்டரைப் பதிவதும் தரவுத்தளத்தின் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். தனித்தனியாக நடந்தால், இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழும்போது பழைய சிக்கலே திரும்பி வரும். ஒரே சாவியோடு இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால், சாவி ஏற்கெனவே இருக்கிறதா என்று படித்துப் பார்த்து முடிவெடுப்பது போதாது, இரண்டுமே ‘இல்லை’ என்ற பதிலைப் பெற்றுவிடும். ஒரே சாவி இருமுறை பதியாதபடி தனித்தன்மைக் கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே வைத்து, பதிவதில் தோற்றவர் காத்திருக்க வேண்டும் அல்லது ‘மோதல்’ என்ற 409 பெற வேண்டும். அதே சாவியோடு வேறு உள்ளடக்கம் வந்தால் அது கிளையன்டின் பிழை; பழைய பதிலைத் தராமல் பிழை என்றே சொல்ல வேண்டும். சாவியை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதும் ஒரு முடிவுதான். ஸ்ட்ரைப் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கிறது. டவர் இல்லாத ஊரில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரும் பிரதிநிதியின் செயலிக்கு அது போதாது என்பதை அவரவர் தொழிலை அறிந்தவர்தான் சொல்ல முடியும்.

புட்டுக்கு இன்னொரு முகம் உண்டு, அது கொஞ்சம் கடுமையானது. நான் தருவதே முழு வடிவம் என்று அது சொல்கிறது. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி, ஜிஎஸ்டி எண் ஆகியவை கொண்ட பதிவில் தொலைபேசியை மட்டும் மாற்ற விரும்பி, தொலைபேசியை மட்டும் எழுதி புட் அனுப்பினால், மற்ற மூன்றும் இல்லை என்றே நெறிமுறைப்படி பொருள். பல ஏபிஐக்கள் இதைப் பின்பற்றாமல், வந்ததை மட்டும் மாற்றி மீதியை விட்டுவைக்கின்றன. அதனால் ஒரு ஏபிஐயில் பழகியவர் அடுத்ததில் தரவை இழக்கிறார். பகுதி மாற்றத்துக்கென்றே பேட்ச் இருக்கிறது. 1997 ஆவணத்தின் பின்னிணைப்பில் இருந்து, 1999-இல் காணாமல்போய், 2010 மார்ச்சில் ஆர்எஃப்சி 5789 ஆகத் திரும்பி வந்த மெத்தட் அது.

பேட்ச் அனுப்பும்போது உள்ளடக்கம் எந்த வடிவில் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரவைப் புலம், மதிப்பு என்று எழுதும் ஜேசான் முறையைச் சேர்ந்த மெர்ஜ் பேட்ச் என்ற வடிவத்தில், மாற வேண்டிய புலங்களை மட்டும் எழுதினால் போதும். நல் (null), அதாவது மதிப்பே இல்லை, என்று எழுதிய புலம் நீக்கப்படும். எளிமையானது, ஆனால் ஒரு புலத்தின் மதிப்பாகவே நல் வைக்க விரும்பினால் அதில் வழியில்லை, பட்டியலின் ஓர் உறுப்பை மட்டும் மாற்றவும் முடியாது, முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும். ஜேசான் பேட்ச் என்ற மற்ற வடிவம், சேர், நீக்கு, மாற்று, சோதி என்று செயல்களின் வரிசையாகவே எழுதப்படுவது. பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர் என்ற செயலை இருமுறை அனுப்பினால் இரண்டு உறுப்புகள் சேரும். பேட்ச் பொதுவாக ஐடெம்பொட்டன்ட் அல்ல என்று நெறிமுறை சொல்வதற்கு இதுவே காரணம். மெர்ஜ் பேட்ச்சில் எழுதிய ஒரு குறிப்பிட்ட கோரிக்கை தற்செயலாக அப்படி அமையலாம், ஆனால் வழியில் நிற்கும் ப்ராக்ஸிக்கு அது தெரியாது.

மறுபடி அனுப்புவதற்கு நேர்மாறான இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் கடையின் பதிவைத் திறந்து முகவரியைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் வெளியூரில் இருக்கும் பிரதிநிதி தொலைபேசி எண்ணைத் திருத்தி முழுப் பதிவையும் புட் செய்கிறார். பிறகு அலுவலகத்தவர் தன் திரையிலிருந்த பழைய தொலைபேசி எண்ணோடு சேர்த்து முழுப் பதிவையும் புட் செய்கிறார். இரண்டும் வெற்றி, இரண்டு பேருக்கும் 200, ஆனால் தொலைபேசித் திருத்தம் காணாமல்போய்விட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் ஈடேக் என்ற பதிப்பு அடையாளத்தை கெட் பதிலில் தந்துவிட்டு, மாற்றும்போது அதை இஃப்-மேட்ச் ஹெட்டரில் திருப்பித் தரச் சொன்னால், நடுவில் வேறொருவர் மாற்றியிருக்கும்போது சர்வர் 412 என்று மறுத்துவிடும். ஹெட்டரே இல்லாமல் வந்தால் ஏற்க மாட்டேன் என்று சொல்ல 428 என்ற குறியீடும் 2012 முதல் இருக்கிறது. பலர் ஒரே பதிவைத் தொடும் எந்த ஏபிஐயிலும் இதை முதல் நாளிலேயே வைத்துவிடுவது நல்லது. பின்னால் சேர்ப்பதென்றால், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள செயலிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

ஆர்டரை ரத்து செய்வது, விலைப்பட்டியலை மறுபடி அனுப்புவது போன்ற செயல்கள் நான்கு வரி அட்டவணைக்குள் அடங்குவதில்லை. ரத்து என்பதை டெலீட் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ரத்தான ஆர்டர் கணக்கில் இருந்தே ஆக வேண்டும், தேதியும் காரணமும் தணிக்கைக்குத் தேவை. நிலை என்ற புலத்தை பேட்ச் மூலம் ‘ரத்து’ என்று மாற்றலாம் என்பார்கள். பணத்தைத் திருப்புவது, சரக்கைத் திரும்ப இருப்பில் சேர்ப்பது என்று பின்தொடரும் வேலைகளை ஒரு புலத்தின் மாற்றத்துக்குள் ஒளித்துவைப்பது படிப்பவரைத் திசை திருப்பும். ‘போஸ்ட் /ஆர்டர்கள்/4172/ரத்து’ என்று நேராக எழுதுவதே நேர்மையானது என்று நான் கருதுகிறேன். ரெஸ்ட் என்ற கட்டமைப்புப் பாணிக்கு 2000-ஆம் ஆண்டின் தன் முனைவர் பட்ட ஆய்வில் பெயரிட்ட ராய் ஃபீல்டிங்கே, போஸ்ட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்று 2009-இல் விளக்கி எழுதினார். வேறு மெத்தட் பொருந்துமிடத்தில் அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் போஸ்ட்டில் அடைப்பதுதான் இழப்பு. கிராஃப்கியூஎல் என்ற வினவல் மொழி பெரும்பாலும் போஸ்ட் வழியாகவே பேசுவதால், படிப்பது மட்டுமே நோக்கமான வினவல்களுக்குக்கூட வழியிலுள்ள கேஷ் உதவ முடியாமல்போவதை நினைத்துப் பார்க்கலாம்.

பெரிய தேடல்களில் கெட்டுக்கும் எல்லை வந்துவிடுகிறது. 200 கடைகளின் எண்களை வடிகட்டியாகத் தர வேண்டுமென்றால் முகவரி நீண்டுகொண்டே போகும். 8000 பைட் நீளம்வரையாவது எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதே ஆர்எஃப்சி 9110-இன் பரிந்துரை, அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. கெட்டோடு உள்ளடக்கம் சேர்த்து அனுப்புவதற்கு நெறிமுறை பொதுவான பொருள் எதையும் தரவில்லை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் அதை ஏற்கிறது, ஆனால் அதே தேடலை போஸ்ட்டிலும் ஏற்கிறது. பாதுகாப்பானதாகவும் ஐடெம்பொட்டன்டாகவும் இருந்துகொண்டு உள்ளடக்கத்தையும் சுமக்கும் கியூரி என்ற புதிய மெத்தட் இந்த இடைவெளியை நிரப்பவே ஐஇடிஎஃப்பில் முன்மொழியப்பட்டது. அது எங்கும் பரவும்வரை தேடலுக்கு போஸ்ட் போதும். ஆவணத்தில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஹெட் என்பது கெட் தரும் ஹெட்டர்களை உள்ளடக்கமின்றிக் கேட்பது. ஆப்ஷன்ஸை நாம் கையால் எழுதுவது அரிது. வேறு டொமைனில் உள்ள ஏபிஐக்கு புட்டோ டெலீட்டோ அனுப்பும் முன் பிரவுசரே அதை அனுப்பி அனுமதி கேட்டுக்கொள்கிறது. எச்டிஎம்எல் படிவங்களால் இன்றுவரை கெட், போஸ்ட் இரண்டை மட்டுமே சர்வருக்கு அனுப்ப முடியும் என்பதால், ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகள் மறைந்த புலம் ஒன்றில் உண்மையான மெத்தட்டை எழுதி அனுப்புகின்றன. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 அல்லது 302 மூலம் திருப்பிவிட்டால், போஸ்ட் பெரும்பாலான பிரவுசர்களில் கெட்டாக மாறி, உள்ளடக்கமும் உதிர்ந்துவிடும். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிய மறுநாள் ‘ஆர்டரே வரவில்லை’ என்று அழைப்பு வந்தால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். மெத்தட் மாறாமல் திருப்பிவிட 307, 308 ஆகிய குறியீடுகள் இருக்கின்றன.

வேட்டி ஆர்டர் செயலியில் நாங்கள் முதல் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். பிரதிநிதி புதிய ஆர்டர் திரையைத் திறந்தவுடனே செயலி ஒரு யூயூஐடி உருவாக்கி, தொலைபேசியின் சேமிப்பில் எழுதிவைத்துக்கொள்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது அதை உருவாக்கினால், செயலி மூடித் திறக்கப்பட்டதும் வேறு எண் வந்துவிடும் என்பதைச் சோதனையில்தான் கண்டுபிடித்தோம். கோரிக்கை புட்டாகப் போகிறது, கூடவே இஃப்-நன்-மேட்ச் ஹெட்டரில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த முகவரியில் எதுவுமே இல்லாவிட்டால் மட்டும் எழுது என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால், குடோனில் 40 கட்டை 35 ஆகத் திருத்திய பிறகு தாமதமாக வந்து சேரும் மறுமுயற்சி, திருத்தத்தை அழித்துப் பழைய 40-ஐ மீண்டும் எழுதிவிடும்.

முதல் வாரத்திலேயே ஒரு பிரதிநிதியிடமிருந்து அழைப்பு வந்தது. செயலி ‘ஆர்டர் தோல்வி’ என்று காட்டுகிறது, ஆனால் குடோனில் ஆர்டர் இருக்கிறதாம் என்றார். லாக்கில் ஒரே யூயூஐடிக்கு இரண்டு புட் வரிகள் இருந்தன. முதலாவது 201, 10 நொடி கழித்து வந்த இரண்டாவது 412. முதல் பதில் அவரிடம் போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்ன இரண்டாவது பதிலைச் செயலி தோல்வி என்று படித்திருந்தது. மறுமுயற்சிக்கு 412 வந்தால் அதே முகவரிக்கு ஒரு கெட் அனுப்பி, சர்வரில் இருப்பதையே திரையில் காட்டும்படி அன்று மாலையே திருத்தினோம். இப்போது மலைப்பாதையில் டவர் போய்த் திரும்பும் நாட்களில் லாக்கில் மூன்று வரிகள் விழுகின்றன: புட் 201, புட் 412, கெட் 200. குடோனில் ஒரு பில் அச்சாகிறது.